விளையாட்டா, வாணிபமா?

ஒரு நாட்டின் வரலாற்றைக் கற்போர் அந்நாட்டின் போர்களையும் தேர்தல்களையும் சட்டங்களையும் ஆராய்வர். அந்நாட்டு மக்கள் ஓய்வு நாளில் எதைக் காண ஒன்றுகூடினர், அக்காட்சியால் பொருள் ஈட்டியவர் யார், அதற்குத் தம் உடலை ஈடாகத் தந்தவர் யார் என்று கேட்போர் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களை ஆட்கொண்டுவிட்ட தொழில்முறைக் காற்பந்தைக் குறித்து அக்கேள்விகளை எழுப்பிய திரைப்படம் ஒன்று 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்தது. 'நார்த் டல்லஸ் ஃபார்ட்டி' என்பது அதன் பெயர். கனடாவில் பிறந்த டெட் கோட்செஃப் அதனை இயக்கினார். ஒரு குழுவில் நாற்பது ஆட்டக்காரர் இருக்கலாம் என்று 1964ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட வரம்பையே பெயரில் உள்ள 'நாற்பது' குறிக்கிறது.

தமிழ் வாசகர் காற்பந்து என்றவுடன் உருண்டைப் பந்தைக் காலால் உதைத்தாடும் ஆட்டத்தையே எண்ணுவர். அமெரிக்கர் அப்பெயரிட்டு அழைப்பதோ வேறு ஆட்டம், ரக்பியின் வழித்தோன்றல். பந்து நீள்வட்டமானது, காலுக்கு அதில் வேலை குறைவு. பக்கத்திற்குப் பதினொருவர் எதிரெதிரே நிற்பர். பந்தை உடைய குழு நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். எதிர்க்குழு பந்தைச் சுமப்பவனைத் தரையில் வீழ்த்தித் தடுக்க வேண்டும். வீழ்த்துதல் இவ்வாட்டத்தில் தவறன்று; அதுவே ஆட்டம். தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்து, நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள மனிதர் ஒருவர்மேல் ஒருவர் ஓடி மோதுவதை ஒவ்வொரு ஞாயிறும் பல்லாயிரவர் அரங்கிலும் பல இலட்சம் பேர் வீட்டிலும் அமர்ந்து கண்டு மகிழ்ந்தனர்.

திரைப்படம் ஆடுகளத்தில் தொடங்கவில்லை, படுக்கையில் தொடங்குகிறது. ஆட்டத்திற்கு மறுநாட் காலை, ஃபில் எலியட் என்னும் ஆட்டக்காரன் கண் விழிக்கிறான். தலையணையில் மூக்கிலிருந்து வடிந்த இரத்தம். முழங்கால் மடங்க மறுக்கிறது. தோள் உயர மறுக்கிறது. கட்டிலைவிட்டு இறங்குவதே ஒரு பெரும் முயற்சி. மாத்திரைகளைத் தேடி விழுங்கிவிட்டுக் குளியல் தொட்டியில் வெந்நீரில் அமர்கிறான். முந்தைய நாள் பெற்ற ஒவ்வோர் அடியும் அவன் நினைவில் மீள்கிறது. நிக் நோல்ட்டி இவ்வேடத்தை ஏற்றார். ஒரு சொல்லும் பேசப்படாத அச்சில நிமிடங்களில், இத்தொழிலைப் பற்றிப் பத்து நூல்கள் சொல்லக்கூடியதைப் படம் சொல்லிவிடுகிறது. வெற்றி வீரனின் முகத்தை மட்டுமே கண்டு பழகிய அமெரிக்க மக்களுக்குத் திங்கட்கிழமையின் முகம் அன்றுதான் காட்டப்பட்டது என்று கூறினும் மிகையாகாது.

இக்கதையை எழுதியவர் பீட்டர் ஜென்ட். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர். கல்லூரிக் காலத்தில் காற்பந்து ஆடாதவர். எனினும் உயரமும் கைத்திறனும் கருதி டல்லஸ் கௌபாய்ஸ் குழுவினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். 1964 முதல் 1968 வரை ஐந்து பருவங்கள் அக்குழுவில் ஆடினார். எறியப்படும் பந்தை ஓடிச் சென்று பற்றுவது அவர் வேலை. ஐந்து பருவங்களிலும் அவர் பற்றிய பந்துகள் 68; எட்டிய புள்ளிக்கோடுகள் 4. பெரும் புகழுக்குரிய எண்களல்ல இவை. ஆயினும் புகழ் பெற்றவர் காணத் தவறுவதை இரண்டாம் வரிசையில் அமர்ந்தவர் காண்பதுண்டு. 1973ஆம் ஆண்டில் அவர் இதே பெயரில் ஒரு நாவலை வெளியிட்டார். கதையில் வரும் நார்த் டல்லஸ் புல்ஸ் என்பது கற்பனைக் குழு. ஆனால் கௌபாய்ஸ் குழுவை அறிந்த எவரும் ஏமாறவில்லை. உணர்ச்சியற்ற முகமும் பக்திப் பேச்சும் உடைய பயிற்றுநர் ஸ்ட்ரோதரில் டாம் லாண்ட்ரியையும், நகைச்சுவை உணர்வு மிக்க பந்தெறிவோன் சேத் மேக்ஸ்வெல்லில் டான் மெரிடித்தையும் வாசகர் கண்டுகொண்டனர்.

திரைப்படத்தில் பயிற்றுநரின் கையில் எப்போதும் கணிப்பொறித் தாள்கள் இருக்கும். ஒவ்வோர் ஆட்டக்காரனின் ஒவ்வோர் அசைவுக்கும் மதிப்பெண் உண்டு. இது கற்பனையன்று. டல்லஸ் குழுவின் பொது நிர்வாகி டெக்ஸ் ஷ்ராம் 1960களின் தொடக்கத்திலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் துணை நிறுவனத்தை நாடி, கல்லூரி ஆட்டக்காரர்களை எண்களால் எடைபோடும் முறையை அமைக்கச் செய்தார். அம்முறையை வகுத்தவர் இந்தியாவில் பிறந்த ஸலாம் குரேஷி என்னும் கணிப்பொறி வல்லுநர். அமெரிக்கக் காற்பந்தை அறியாத ஒருவர் அதன் ஆட்டக்காரரை அளக்கும் கோலைச் செய்து கொடுத்தார் என்பது சுவையான செய்தி. அவர்மீது குறை கூறுவதற்கில்லை. அளவுகோல் செய்பவன் அளக்கப்படும் பொருளின் விலையைத் தீர்மானிப்பதில்லை. ஆயினும் மனிதனை விரைவு, எடை, உயரம், எதிர்வினை எனப் பகுத்து எண்ணாக்கியபின், அவ்வெண் குறையும் நாளில் அவனை நீக்குவது எளிதாகிவிட்டது.

எண்ணும் பணமும் இவ்வாட்டத்திற்குள் நுழைந்த வரலாறு நெடியது. 1892ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த ஓர் ஆட்டத்தில் பட்ஜ் ஹெஃபல்ஃபிங்கர் என்பவருக்கு 500 டாலர் கொடுக்கப்பட்டதாக அக்கழகத்தின் கணக்கேட்டில் ஒரு பதிவு உள்ளது. ஊதியம் பெற்று ஆடியதாகச் சான்றுள்ள முதல் மனிதர் அவரே. பிறர் அறியாமல் கொடுக்கப்பட்ட பணம் அது. ஏனெனில் பணத்திற்காக ஆடுவது அந்நாளில் இழிவு. கல்லூரி மாணவர் பணம் பெறாமலே மோதினர். பணம் பெறாமலே மாண்டனர். 1905ஆம் ஆண்டுப் பருவம் முடிந்தபோது ஆடுகளத்தில் 18 பேர் உயிரிழந்ததாகச் சிகாகோ நாளேடு ஒன்று கணக்கிட்டது. அவ்வாண்டு அக்டோபரிலேயே அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்திருத்துமாறு கூறியிருந்தார். அடுத்த ஆண்டு பந்தை முன்னோக்கி எறிவதற்கு விதி இடமளித்தது. எலியட்டைப் போன்றோரின் தொழில் அவ்விதியால் பிறந்தது எனலாம்.

தொழில்முறைக் குழுக்கள் 1920ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓஹையோ மாநிலத்துக் கேண்டன் நகரில், மோட்டார் வண்டி விற்கும் கடை ஒன்றில் கூடி ஒரு கூட்டமைப்பை நிறுவின. அது 1922 முதல் தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பு என்று பெயர் பெற்றது. நெடுங்காலம் அது ஏழைத் தொழிலாகவே இருந்தது. அதனை மாற்றியது தொலைக்காட்சி. 1958ஆம் ஆண்டு டிசம்பரில் பால்டிமோருக்கும் நியூயார்க்குக்கும் நடந்த இறுதியாட்டம் கூடுதல் நேரம் வரை நீண்டு, நாடெங்கும் வீடுகளில் காணப்பட்டது. 1961ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, குழுக்கள் அனைத்தும் ஒன்றாகச் சேர்ந்து ஒளிபரப்பு உரிமையை விற்க அனுமதித்தது. 1962ஆம் ஆண்டில் அவ்வுரிமை ஆண்டுக்கு 46 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று; 1964ஆம் ஆண்டிலோ 1 கோடியே 41 இலட்சம் டாலரை எட்டியது. வருவாய் மும்மடங்கான அவ்வேகத்தில் ஆட்டக்காரரின் ஊதியம் உயரவில்லை.

ஏன் உயரவில்லை என்பதற்கு விடை காண ஒரு வழக்கை அறிதல் வேண்டும். பில் ராடொவிச் என்பவர் டெட்ராய்ட் குழுவில் ஆடியவர். நோயுற்ற தந்தையின் அருகில் இருக்க விரும்பித் தம்மை லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் குழுவிற்கு மாற்றுமாறு கேட்டார்; குழு மறுத்தது. 1946ஆம் ஆண்டில் அவர் போட்டிக் கூட்டமைப்பு ஒன்றைச் சேர்ந்த லாஸ் ஏஞ்சலிஸ் குழுவில் சேர்ந்தார். அதற்குத் தண்டனையாக அவர் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறியது. பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோவின் சிறு குழு ஒன்று அவருக்கு வேலை தர முன்வந்தபோது, அவரைச் சேர்த்தால் தண்டனை உண்டு என்று எச்சரிக்கப்பட்டுப் பின்வாங்கியது. அவர் வழக்குத் தொடுத்தார். அடிப்பந்து ஆட்டம் வாணிபமன்று, ஆகவே தனியுரிமைத் தடைச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1922ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருந்தது. காற்பந்து முதலாளிகளும் அந்நிழலில் ஒதுங்க முயன்றனர். 1957ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவ்வாதத்தைத் தள்ளியது. காற்பந்து ஒரு வாணிபம், சட்டத்திற்கு உட்பட்டது. விளையாட்டா, வாணிபமா என்ற கேள்விக்குச் சட்டத்தின் விடை அன்றே கிடைத்துவிட்டது.

ஆட்டக்காரர் சங்கம் அதற்கு முந்தைய ஆண்டு, 1956இல் தோன்றியிருந்தது. அச்சங்கத்தின் முதல் கோரிக்கைகளைப் படிப்போர் வியப்படைவர். குறைந்தபட்ச ஊதியம் ஆண்டுக்கு 5,000 டாலர். ஆடைக்கும் கருவிகளுக்கும் குழுவே பணம் தர வேண்டும். காயமுற்றவனுக்குச் சம்பளம் நிறுத்தப்படக் கூடாது. இறுதிக் கோரிக்கை நின்று நோக்கத்தக்கது. களத்தில் கால் முறிந்தவனின் சம்பளம் அதே களத்தில் முறிந்துவிடும் நிலை அன்று இருந்தது.

சங்கம் தோன்றியும் ஆட்டக்காரன் கட்டுண்டே இருந்தான். ஒப்பந்தம் முடிந்த ஒருவரை வேறு குழு சேர்த்துக்கொண்டால், இழந்த குழுவிற்கு எதை ஈடாகத் தர வேண்டும் என்பதைக் கூட்டமைப்பின் ஆணையர் பீட் ரொசெல் தாமே தீர்மானிப்பார் என்று 1963ஆம் ஆண்டில் ஒரு விதி வந்தது. ஈடு எவ்வளவு என்று முன்கூட்டி அறிய இயலாதபோது யார் துணிந்து ஆள் எடுப்பர்? கதவு திறந்தே இருந்தது. வாசலில் நாய் கட்டப்பட்டிருந்தது. 1974ஆம் ஆண்டு ஜூலையில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சுதந்திரம் இல்லையேல் காற்பந்து இல்லை என்பது அவர்கள் முழக்கம். ஆறு வாரத்தில், ஒப்பந்தம் ஏதுமின்றி, அது தோற்றது. களத்தில் பெறாததை நீதிமன்றத்தில் பெற்றவர் ஜான் மேக்கி. பால்டிமோர் குழுவின் புகழ்பெற்ற ஆட்டக்காரரும் சங்கத்தின் தலைவருமாக இருந்தவர் அவர். அவர் பெயரால் நடந்த வழக்கில் ரொசெல் விதி சட்டத்திற்கு முரணானது என்று 1976ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் 1977ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் சங்கமே அவ்வெற்றியின் பெரும்பகுதியை வேறு சலுகைகளுக்காக விட்டுக்கொடுத்தது. படம் வெளிவந்த 1979ஆம் ஆண்டில், ஒரு குழுவை விட்டு வேறு குழுவிற்குத் தன் விருப்பப்படி சென்ற ஆட்டக்காரனைக் காண்பது அரிது.

ஊதிய வழக்குகள் ஒரு புறம் நடக்க, உடல்பற்றிய வழக்குகள் மறுபுறம் எழுந்தன. சான் டியாகோ குழுவின் ஹூஸ்டன் ரிட்ஜ், காயத்தோடு தம்மை ஆடச் செய்வதற்கு மருந்துகள் கொடுக்கப்பட்டன என்று 1970ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். 1974ஆம் ஆண்டில் அதே குழுவின் நிர்வாகியும் எட்டு ஆட்டக்காரரும் போதை மருந்து தொடர்பாகத் தண்டம் கட்ட நேர்ந்தது. அவ்வாண்டே சிகாகோ பேர்ஸ் குழுவின் டிக் பட்கஸ் தம் குழுவின்மீது வழக்குத் தொடர்ந்தார். எதிரிகள் கண்டு நடுங்கிய மனிதர் அவர். ஆனால் முழங்கால் அழிந்துபோயிருந்தது. முறையான மருத்துவம் தராமல் ஊசிமருந்தின் துணையால் ஆட வைத்தனர் என்பதே அவர் குற்றச்சாட்டு. 1976ஆம் ஆண்டில் 6 இலட்சம் டாலருக்கு அவ்வழக்கு சமரசமாயிற்று. ஜென்ட் எழுதியது கதைதான். ஆனால் கதையின் சாட்சிகள் நீதிமன்ற வாயில்களில் வரிசையாக நின்றிருந்தனர்.

இப்பின்னணியோடு திரைப்படத்தை மீண்டும் நோக்குதல் வேண்டும். கதை நிகழ்வது ஏறத்தாழ ஒரு வாரம். ஓர் ஆட்டத்திற்கும் அடுத்த ஆட்டத்திற்கும் இடைப்பட்ட காலம். எலியட்டுக்கு ஆட்டம் பிடிக்கும். பந்து கைக்கு வந்து சேரும் அந்த நொடி பிடிக்கும். குழுவின் முதலாளிகளும் பயிற்றுநரும் கேட்கும் பணிவுதான் அவனுக்கு வருவதில்லை. கைத்திறன் இருந்தும் அவன் ஓரத்தில் அமர்த்தப்படுகிறான். அவன் மனப்போக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று அவனுக்கு அறிவுரை கூறப்படுகிறது. நண்பன் மேக்ஸ்வெல் அவனைக் கடிந்துகொள்கிறான்: வளைந்து கொடு, அவர்களுக்கு வேண்டியதைச் சொல், பின் உனக்கு வேண்டியதைச் செய். நாட்டுப்பாடகரான மேக் டேவிஸ் மேக்ஸ்வெல்லாக நடித்தார். நகைக்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான் என்பதற்கு அவன் உருவம் சான்று. மெய்வாழ்விலும் டான் மெரிடித் ஆட்டத்தை விட்டபின் 1970ஆம் ஆண்டில் திங்கட்கிழமை இரவு ஒளிபரப்பின் வருணனையாளராகிப் பெரும்புகழ் பெற்றார்.

படத்தின் நெஞ்சம் ஓர் ஊசியில் இருக்கிறது. டெல்மா ஹடில் என்னும் ஆட்டக்காரனின் தொடைத் தசைநார் காயமுற்றிருக்கிறது. வலியை மரத்துப்போகச் செய்யும் ஊசியை அவன் ஏற்பதில்லை. வலி என்பது உடல் தரும் எச்சரிக்கை என்பதை அவன் அறிவான். சிகாகோவுடன் ஆட்டம் நெருங்குகிறது. அவனைச் சூழ்ந்தோர் அவனை வற்புறுத்துகின்றனர். அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. குழுவுக்காக, நண்பர்களுக்காக என்று மென்மையாகப் பேசுகின்றனர். எலியட் தன் முழங்காலில் ஊசி ஏற்றுக்கொள்கிறான், ஹடிலும் இணங்குகிறான். களத்தில் அவன் ஓடும்போது மரத்துப்போன கால் எச்சரிக்கவில்லை. அவன் பெருங்காயமுற்று வீழ்கிறான். இவ்வேடத்தை ஏற்ற டாமி ரீமன் உண்மையிலேயே தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவர். அவர் முகத்தில் தோன்றும் தயக்கம் நடிகர் பள்ளியில் கற்றதன்று.

ஆட்டத்தின் இறுதி நொடிகளில் எலியட் பந்தைப் பற்றிப் புள்ளிக்கோட்டைத் தொடுகிறான். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் சமநிலை. அதற்கான உதையின்போது பந்து கைதவறுகிறது, குழு தோற்கிறது. அதன்பின் உடைமாற்றும் அறையில் நிகழும் காட்சியே இப்படத்தை வரலாற்றாசிரியர் நினைவுகூரக் காரணம். துணைப் பயிற்றுநர் தோல்விக்கான காரணங்களைக் கணக்குப் பிள்ளை வரவு செலவைப் படிப்பதுபோல் அடுக்குகிறார். பெருவுருவம் கொண்ட ஓ. டபிள்யூ. ஷாடக் என்னும் ஆட்டக்காரன் பொறுமையிழந்து எழுகிறான். தான் இதை விளையாட்டு என்றால் அவர்கள் வாணிபம் என்கின்றனர், தான் வாணிபம் என்றால் விளையாட்டு என்கின்றனர் என்று அவன் கதறுகிறான். ராடொவிச் வழக்கு முதல் 1974 வேலைநிறுத்தம் வரை நூற்றுக்கணக்கான பக்கங்களில் வழக்கறிஞர் வாதாடியதை அவன் ஒரே மூச்சில் கூறிவிடுகிறான். ஊதியம் கேட்டால், இது இளைஞரின் விளையாட்டு, இதில் பணப்பேச்சு எதற்கு? முழங்கால் நோகிறது என்றால், இது வாணிபம், சம்பளம் பெறுபவன் வேலை செய்ய வேண்டும். இரு முகங்களும் ஒரே நாணயத்தின் பக்கங்கள். நாணயம் எப்பக்கம் விழுந்தாலும் வெல்பவர் ஒருவரே.

மறுநாள் விசாரணை. கூட்டமைப்பின் சார்பில் துப்பறிவோன் ஒருவன் வாரம் முழுதும் எலியட்டைப் பின்தொடர்ந்திருக்கிறான். கஞ்சா புகைத்தான் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அவனோடு புகைத்த மேக்ஸ்வெல்லின் பெயர் அறிக்கையில் இல்லை. பந்தெறிவோனை இழக்க எந்த முதலாளி விரும்புவார்? அதனினும் வலிய மருந்துகளைக் குழுவே தன் வைத்திய அறையில் கொடுக்கவில்லையா என்று எலியட் கேட்கிறான். அவ்வினாவுக்கு மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களிடம் விடையில்லை. சம்பளமின்றி இடைநீக்கம் என்ற ஆணை வருகிறது. அவன் தானே விலகி வெளியேறுகிறான். தெருவில் மேக்ஸ்வெல் காத்திருக்கிறான். பழக்கத்தால் ஒரு பந்தை எறிகிறான். குழுவிலேயே சிறந்த கைகளை உடையவன் அக்கைகளை விரித்து நிற்கிறான்; பந்து அவன் மார்பில் பட்டுத் தரையில் விழுகிறது.

நாவலின் முடிவு இதுவன்று. நாவலில் எலியட் நேசித்த பெண் கொலையுண்டு கிடக்கிறாள். வன்முறை ஆடுகளத்தின் எல்லையைக் கடந்து நாடெங்கும் பரவியுள்ளது என்பது ஜென்ட்டின் கருத்து. திரைப்படம் அக்கொலையை விட்டுவிட்டது. இதைக் குறையாகக் கூறுவோர் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை; நாவலின் சினம் படத்தில் ஓரளவு தணிந்துவிட்டது; கேளிக்கைக் காட்சிகளில் படம் தேவைக்கு மேல் தங்கியும் விடுகிறது. ஆயினும் கொலையால் பார்ப்போர் கண்ணீர் விட்டிருப்பர். பிடிக்கப்படாத பந்தால் சிந்திக்க நேர்ந்தது. ஒரு தொழிலாளி தன் கைத்திறனைத் தானே மறுத்து நிற்கும் காட்சி உலகத் திரைப்படங்களில் அதிகமில்லை.

கூட்டமைப்பு இப்படத்திற்கு ஒத்துழைப்புத் தரவில்லை. படத்தின் ஆட்டக்காட்சிகளுக்கு ஆலோசகராக இருந்த டாம் ஃபியர்ஸ் பெரும் ஆட்டக்காரர். 1970ஆம் ஆண்டில் காற்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர். நியூ ஆர்லின்ஸ் குழுவின் முதற்பயிற்றுநர். புதிய ஆட்டக்காரரைக் கண்டறிந்து கூறும் பணியைக் குழுக்களுக்காகச் செய்துவந்த அவருக்கு, படம் வெளிவந்தபின் அவ்வொப்பந்தங்கள் கைநழுவின என்று பின்னர் எழுதப்பட்டது.

பின்னர் நடந்தவற்றை விரைந்து கூறலாம். 1982ஆம் ஆண்டில் ஆட்டக்காரர்கள் 57 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஒவ்வொரு குழுவும் ஆட வேண்டிய பதினாறு ஆட்டங்கள் ஒன்பதாகச் சுருங்கின. 1987ஆம் ஆண்டில் மீண்டும் நிறுத்தியபோது முதலாளிகள் மாற்று ஆட்களைக் களத்தில் இறக்கி மூன்று வாரம் ஆட்டத்தை நடத்தினர். தொலைக்காட்சி அதையும் ஒளிபரப்பியது. வேலைநிறுத்தம் முறிந்தது. பின் 1992ஆம் ஆண்டில் மினியாபொலிஸ் நகரில் நடுவர் குழு ஆட்டக்காரருக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்க, 1993ஆம் ஆண்டில் ஒப்பந்தம் முடிந்தோர் தாம் விரும்பிய குழுவை நாடும் உரிமை பிறந்தது. ராடொவிச் தந்தையின் அருகில் இருக்க விரும்பிக் கேட்டது, அரை நூற்றாண்டுக்குப்பின் பிறருக்குக் கிடைத்தது.

ஊதியம் உயர்ந்தது, உடல் பற்றிய கணக்கு தீரவில்லை. முழங்காலினும் கொடியது தலை என்பது தெரியவந்தது. பிட்ஸ்பர்க் குழுவின் மைக் வெப்ஸ்டர் 2002ஆம் ஆண்டில் ஐம்பது வயதில் மாண்டபோது, நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு அவர் மூளையை ஆராய்ந்து, ஓயாத அடிகளால் விளைந்த சிதைவைக் கண்டார். 2005ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு கூட்டமைப்பின் மருத்துவக் குழுவினர் வற்புறுத்தினர். அவ்வரலாறும் 'கன்கஷன்' என்னும் பெயரில் 2015ஆம் ஆண்டில் திரைப்படமாயிற்று. ரொசெல் விதியை வீழ்த்திய ஜான் மேக்கிக்கு முதுமையில் நினைவு அழிந்தது. அவர் மனைவி ஆணையருக்கு எழுதிய மடலின் பயனாக, மறதிநோயுற்ற முன்னாள் ஆட்டக்காரரின் பராமரிப்புக்கு உதவும் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. மேக்கி அணிந்த சட்டையின் எண்ணைக் கொண்டு அதற்கு '88 திட்டம்' என்று பெயரிட்டனர். தொடக்கத்தில் அது தந்த உதவியின் உச்சவரம்பும் ஆண்டுக்கு 88,000 டாலர். மேக்கி 2011ஆம் ஆண்டு ஜூலையில் காலமானார். அவ்வாண்டு செப்டம்பரில் பீட்டர் ஜென்ட்டும் மறைந்தார்.

ஹடிலின் கதையை நினைவூட்டும் வழக்கு 2014ஆம் ஆண்டில் வந்தது. சிகாகோ குழுவின் ரிச்சர்ட் டென்ட் உள்ளிட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள், தம்மைக் களத்திற்கு அனுப்புவதற்காக வலிகொல்லி மருந்துகள் வரைமுறையின்றித் தரப்பட்டன என்று முறையிட்டனர். அவ்வாண்டின் இறுதியில் நீதிபதி வழக்கைத் தள்ளினார். சங்கத்தோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் வழியாகவே இத்தகைய குறைகள் தீர்க்கப்பட வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். தொழிலாளர் நெடுங்காலம் போராடிப் பெற்ற ஒப்பந்தம் முதலாளியின் கேடயமாகவும் பயன்படக்கூடும் என்பதை அன்று அவர்கள் கற்றனர். 2018ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கிற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. அதன்பின்னும் அது நீதிமன்றப் படிகளில் ஏறியிறங்கியது.

உடைமாற்றும் அறையில் கதறிய ஷாடக்காக நடித்தவர் ஜான் மட்டுசாக். அவர் நடிகராக வந்தவரல்லர். 1973ஆம் ஆண்டில் கல்லூரி ஆட்டக்காரர் அனைவருள்ளும் முதலாவதாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர். படம் வெளிவந்த நாளில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவர். அக்குழுவோடு இருமுறை சூப்பர் பௌல் வென்றவர். 1989ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் அவர் இறந்தார். வயது 38. வலிகொல்லி மருந்தைத் தவறுதலாக அளவுக்கு மிஞ்சி உட்கொண்டது இறப்பிற்குக் காரணம் என்று கண்டறிந்தனர்.